இரண்டு மில்லிஆம்பியரும் பதினைந்து நாள் பயிற்சியும்

1982இல், அப்போது பாஸ்டனில் பணியாற்றிக்கொண்டிருந்த நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த ஆறு பேருக்கும் மொழி கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்து ஒரே நாளில் பேச்சிழந்தவர்கள் அல்லர். மூளையில் கட்டியும் இல்லை. பொதுவான மறதிநோய் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. நினைவாற்றலும் முடிவெடுக்கும் திறனும் பல ஆண்டுகளுக்குப் பெரிய சேதமின்றி இருக்க, பேச்சு மட்டும் தேய்ந்துகொண்டே போனது. இப்படிப்பட்ட நோயாளிகள் அதற்கு முன்பும் இருந்தார்கள். பிராகா நகரில் அர்னால்ட் பிக் 1892லேயே இதைப் போன்ற ஒருவரை விவரித்திருக்கிறார். ஆனால் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டியது மெசுலம்தான். சில ஆண்டுகள் கழித்து அவர் சூட்டிய பெயர் ‘பிரைமரி புரொகிரசிவ் அஃபேசியா’. மருத்துவர்கள் பேச்சில் அது பிபிஏ.

பிபிஏ ஒரே மாதிரி வருவதில்லை. சிலருக்குப் பேசுவதே உடலுழைப்பாக மாறிவிடும். சொற்கள் தனித்தனியாக விழும், இலக்கணம் உதிரும். சிலர் சரளமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று ‘தவளைன்னா என்ன?’ என்று கேட்பார்கள். மறந்தது பெயரை மட்டும் அல்ல, அந்தச் சொல்லின் பொருளையே. மூன்றாவது வகையினருக்கு வாக்கியம் பாதியில் நின்றுவிடும். சொல் தெரியும், வராது. சற்று நீளமான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் தடுமாறுவார்கள். 2011இல் நிபுணர்கள் கூடி இந்த மூன்று வகைகளையும் வரையறுத்தார்கள். அடியில் இருக்கும் நோயும் வேறுவேறு. மூன்றாவது வகையின் பின்னணியில் பெரும்பாலும் அல்சைமர் நோய் இருக்கிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் ஃப்ரன்டோடெம்போரல் சிதைவு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றோடு ஒட்டி வருவது, மொழி நன்றாக இருந்தும் வாயசைவைத் திட்டமிடும் திறன் மட்டும் குலைந்துபோகும் நோய். அதை 2012இல் மேயோ கிளினிக் குழு தனியாக விவரித்தது. நடிகர் புரூஸ் வில்லிசுக்கு அஃபேசியா என்று அவரது குடும்பம் 2022இல் அறிவித்தது; மறு ஆண்டு அதை ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்று விளக்கியது. பொதுமக்களில் பலர் அஃபேசியா என்ற பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டார்கள்.

பிபிஏவைத் தடுத்து நிறுத்தும் மருந்து கிடையாது. அதனால் நெடுங்காலம் மருத்துவமனைகளில் நிலவிய மனப்போக்கு இதுதான்: பக்கவாதத்தில் பேச்சிழந்தவருக்குப் பயிற்சி கொடுத்தால் மீண்டு வர வழியுண்டு, நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருக்கும் மூளைக்குப் பயிற்சி எதற்கு? மூளையை வெளியிலிருந்து தூண்டும் சிகிச்சை இந்தத் துறைக்குள் வந்த பிறகு அந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. அது யாரும் தேடிப்போன இடத்தில் கிடைக்கவில்லை.

‘மூளைக்கு மின்சாரம்’ என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது ‘கரண்ட் வைப்பது’. கடும் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அந்த மின்னதிர்ச்சிச் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, பல நூறு மில்லிஆம்பியர் மின்னோட்டம் செலுத்தி, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவழைக்கிறார்கள். இங்கே பேசப்போவது வேறு. இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் டிடிசிஎஸ்; மண்டையோட்டின் வழியே நேர்மின்னோட்டத்தால் தூண்டுவது. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை 20 நிமிடம் செலுத்துவார்கள். நோயாளி விழித்தபடி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். முதல் சில விநாடிகள் பட்டைக்கடியில் ஊறல், லேசான எரிச்சல், பிறகு தோல் சிவக்கலாம். 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 1,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த 33,000க்கும் அதிகமான அமர்வுகளைப் பார்த்துவிட்டு, கடுமையான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை என்றது.

இவ்வளவு குறைந்த மின்சாரம் மூளையில் என்னதான் செய்யும்? ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேவும் வால்டர் பவுலசும் 2000இல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். கையசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியின் மேல் நேர்மின்முனையை வைத்தால் அந்தப் பகுதி எளிதில் கிளர்ச்சியடைகிறது. எதிர்மின்முனையை வைத்தால் மந்தமாகிறது. அடுத்த ஆண்டு அவர்கள் காட்டியது இன்னும் முக்கியமானது: 13 நிமிடம் செலுத்தினால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த மாற்றம் நீடிக்கிறது. இந்த மின்னோட்டம் எந்த நரம்பணுவையும் நேரடியாகச் சுடவைப்பதில்லை, அதாவது சமிக்ஞை அனுப்பவைப்பதில்லை. சுடும் வரம்பை நோக்கி அதைச் சற்றே தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். விதைக்குமுன் நிலத்தை நனைப்பது போன்ற வேலை. விதை விழவில்லையென்றால் ஈரம் காய்ந்துவிடும்.

பிபிஏ ஆராய்ச்சியின் அடிப்படை எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. வெறுமனே மின்சாரம் கொடுப்பதில் பயனில்லை. மொழிப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்காக உழைக்கும் நரம்பிணைப்புகள் அப்போது இறுகும் என்பது எதிர்பார்ப்பு.

இதில் அதிகம் பேசப்படும் சோதனை பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரானா சப்கினி தலைமையில் நடந்தது. 2014இல் ஆறு பேரோடு தொடங்கிய அந்த வேலை, 2018இல் 36 நோயாளிகளைக் கொண்ட முறையான சோதனையாக வெளிவந்தது. நேர்மின்முனை இடது நெற்றிப் பக்கவாட்டில், பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதிக்கு மேல். எதிர்மின்முனை வலது கன்னத்தில். 2 மில்லிஆம்பியர், 20 நிமிடம். அந்த நேரத்தில் படங்களைப் பார்த்து அவற்றின் பெயர்களைச் சரியான எழுத்துகளோடு எழுதும் பயிற்சி நடக்கும். வார நாட்களில் மொத்தம் 15 அமர்வுகள். பிறகு இரண்டு மாத இடைவெளி. அதன்பின் மறுசுற்று, முதல் சுற்றில் உண்மையான மின்னோட்டம் பெற்றவருக்கு இப்போது போலி, போலி பெற்றவருக்கு உண்மை. போலி என்றால், தொடக்கத்தில் சில விநாடிகள் மட்டும் மின்சாரம் ஏறி ஊறலைக் கொடுத்துவிட்டு அணைந்துவிடும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பயிற்சி கொடுப்பவருக்கும் தெரியாது.

முடிவு: சொல் தடைபடும் வகையினருக்கும் பேசத் திணறும் வகையினருக்கும், போலியைவிட உண்மையான மின்னோட்டத்தோடு பெற்ற பயிற்சி கூடுதல் பலன் தந்தது. பயிற்சி கொடுக்காத சொற்களுக்கும் அந்தப் பலன் பரவியது. இரண்டு மாதம் கழித்தும் மிச்சமிருந்தது. சொற்பொருளே மறையும் வகையினருக்கு அப்படிக் கூடுதல் பலன் தெரியவில்லை.

செய்திகளில் வருவது இதுதான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது போலிக் குழுவின் கணக்கு. மின்சாரமே இல்லாமல், 15 நாள் பயிற்சி மட்டும் பெற்றபோதும் பயிற்சிச் சொற்களில் நோயாளிகள் முன்னேறினார்கள். இத்தாலியின் பிரெஷா நகரில் மரியா கோட்டெல்லி குழு 2014இல் பேசத் திணறும் வகையினர் 16 பேரிடம் செய்த சோதனையிலும் இதே கதை. உண்மையான மின்னோட்டம் பெற்றவர்கள் அதிகம் முன்னேறினார்கள். போலி பெற்றவர்களும் முன்னேறினார்கள். தேய்ந்துகொண்டிருக்கும் மூளையால் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு, மின்சாரத்தின் மதிப்பை அளக்கப் புறப்பட்டவர்கள் வழியில் சேகரித்துக் கொடுத்த சான்று இது. மின்சாரம் கலக்காத சோதனைகளும் பின்னர் இதை உறுதி செய்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மாயா ஹென்றி, பேசத் திணறும் பத்து பேருக்கு அவரவர் வாழ்க்கையை ஒட்டிச் சிறு உரைகள் எழுதி, காணொளியில் ஒருவர் வாயசைவைப் பார்த்தபடியே கூடச் சேர்ந்து பேசப் பழக்கினார். அந்த உரைகள் ஓராண்டு வரை அவர்கள் வாயில் தங்கின. 2018இல் அந்த முடிவுகள் வந்தன. இது பத்திரிகைத் தலைப்பாகவில்லை. பயிற்சிக்கு ஒளிரும் கருவி கிடையாது, விற்கும் நிறுவனமும் கிடையாது.

பாரிசின் பிட்டியே-சால்பெட்ரியேர் மருத்துவமனை இதே கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகியது. பால்டிமோரில் பின்னர் கூடுதல் பலன் தெரியாமல்போன சொற்பொருள் வகையினரை மார்க் டைஷ்மன் குழு எடுத்துக்கொண்டது. புரோக்கா பகுதியை விட்டுவிட்டு, சொற்பொருளுக்குப் பொறுப்பான நெற்றிப்பொட்டு மடலின் முன்முனையைக் குறிவைத்தார்கள். 12 நோயாளிகளிடம் இடப்பக்கத்தைக் கிளர்ச்சியூட்டிப் பார்த்தார்கள். வேறு அமர்வில் வலப்பக்கத்தை மந்தமாக்கிப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி இரண்டு வழிகளும் பொருளறியும் சோதனையில் உதவின. வலப்பக்கத்தை அமுக்கினால் ஏன் உதவுகிறது என்பதற்கு ஒரு பழைய கருதுகோள் உண்டு: மூளையின் இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன, இடப்பக்கம் நலிந்தால் வலப்பக்கத்தின் பிடி மிஞ்சிவிடுகிறது.

இது எதிர்த்திசையிலும் நடக்கக்கூடும்: இடப்பக்கம் நலியும்போது அதன் பிடியிலிருந்து வலப்பக்கம் கட்டவிழலாம். கனடாவின் ஆன் ஆடம்ஸ் என்ற அறிவியலாளர் ஆய்வகத்தை விட்டு ஓவியத்துக்கு வந்தவர். இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’ இசையைத் தாளக்கட்டு தாளக்கட்டாக வண்ணப் பட்டைகளாக மாற்றி 1994இல் ஒரு படம் வரைந்தார். சில ஆண்டுகளில் அவர் பேச்சு குன்றத் தொடங்கியது. பிபிஏ என்று தெரிந்தது. அவரது மூளைப் படங்களை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த கட்டுரை, இடது முன்பகுதி சுருங்கியதையும் வலது பின்பகுதி வழக்கத்தைவிட வலுவாக இருந்ததையும் காட்டியது. ராவெலுக்கும் இறுதிக் காலத்தில் பேச்சும் எழுத்தும் போயின என்பது தெரிந்ததே. அதற்குக் காரணம் இதே நோய்தானா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு கதை கட்ட வேண்டியதில்லை. ஆனால் நோய் ஓரிடத்தைத் தின்னும்போது மூளையின் மற்ற இடங்கள் சும்மா இருப்பதில்லை என்பதற்கு ஆடம்ஸ் நல்ல சாட்சி.

இனி மறுபக்கம். டிடிசிஎஸ் துறைக்குள்ளேயே சந்தேகக்காரர்கள் பலர். 2015இல் ஹோர்வத்தும் சகாக்களும் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஒற்றை அமர்வு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அறிவுத்திறனில் நம்பத்தக்க விளைவு எதுவும் இல்லை என்று எழுதினார்கள். அதற்கு எதிர்வாதங்கள் எழுந்தன. ஆனால் கேள்வி ஓயவில்லை. 2018இல் வந்த ஓர் ஆய்வில் இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்தபோது, தலையில் செலுத்திய மின்னோட்டத்தில் சுமார் முக்கால் பங்கு தோலிலும் மண்டையோட்டிலுமே இழக்கப்படுவது தெரிந்தது. மூளைக்குள் போய்ச் சேர்வது மிச்சம்தான். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். மண்டையோட்டின் தடிமன், மூளையைச் சூழ்ந்த நீரின் அளவு, சுருங்கிப்போன பகுதியின் வடிவம் எல்லாமே மின்சாரம் செல்லும் பாதையை மாற்றுகின்றன. பிபிஏவில் மூளை சுருங்கச் சுருங்க நீர் கூடுகிறது. நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆக, அதே 2 மில்லிஆம்பியர் ஆரோக்கியமான ஒருவரிடம் போகும் வழியில் பிபிஏ நோயாளியிடம் போகாது.

எண்ணிக்கையும் ஒரு பலவீனம். 36 பேரை மூன்று வகையாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சராசரி 12 பேர். மூன்று நான்கு பேரின் நல்ல நாளும் கெட்ட நாளும் முடிவைச் சாய்த்துவிட முடியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2017இல் 15 பேரிடம் நடந்த சோதனை இதற்கு உதாரணம். மொத்தக் குழுவாகப் பார்த்தபோது உண்மைக்கும் போலிக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. தொடக்கத்திலேயே அதிகம் பின்தங்கியிருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் பலன் தெரிந்தது. இன்னொரு சிக்கல் சோதனை வடிவத்திலேயே இருக்கிறது. ஒரே நோயாளிக்கு உண்மையும் போலியும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறை, நிலையாக இருக்கும் நோய்க்குப் பொருத்தம். இங்கே இரண்டாம் சுற்று தொடங்கும்போது நோயாளி சில மாத அளவு கீழே இறங்கியிருப்பார். முதல் சுற்றில் கற்றதும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் கணக்கில் கழிக்கப் புள்ளியியல் உண்டு. ஆனால் 36 பேரிடம் அது எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

‘முன்னேற்றம்’ எதை வைத்து அளக்கப்படுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான ஆய்வுகள் படத்துக்குப் பெயர் சொல்வதையும் எழுதுவதையும் எண்ணுகின்றன. எண்ண எளிது. வீட்டுக்காரர்கள் கேட்பது வேறு: தொலைபேசியை எடுத்துப் பேசுவாரா? கடைக்குத் தனியாகப் போய்க் கேட்டு வாங்கி வருவாரா? முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நேரடிப் பாதை உண்டு என்று இதுவரை வந்த முடிவுகளை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மூளையை வெளியிலிருந்து தூண்ட இன்னொரு வழியான காந்தத் தூண்டலையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு உருவாக்கிய முறை அது. தலைமேல் வைத்த சுருளில் கண நேரம் வலுவான காந்தப்புலம் எழும். அது மூளைக்குள் மின்சாரத்தை உண்டாக்கி நரம்பணுக்களை உண்மையிலேயே சுடவைக்கும். மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2008இல் அனுமதி தந்தது. பிபிஏவில் மாட்ரிட் குழு 2021இல் செய்தது சுவையானது: எல்லாருக்கும் ஒரே இடம் என்று வைக்காமல், ஒவ்வொருவருக்கும் முதலில் பல இடங்களைச் சோதித்து, எங்கே பலன் தெரிகிறதோ அங்கேயே சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். குழு சிறியது, ஆனால் யோசனை சரியானது என்று படுகிறது. கருவி விலை அதிகம், இடத்தைவிட்டு எளிதில் நகர்த்த முடியாது, மிக அரிதாக வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு.

டிடிசிஎஸ் நேர் எதிர். அடிப்படையில் ஒரு சிறு பேட்டரியும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றும் போதும். அதுவே அபாயம். இணையத்தில் பார்த்து வீட்டிலேயே கம்பி கட்டிக்கொள்பவர்கள் பெருகியதைக் கண்டு, 2016இல் துறை ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து ஒரு வெளிப்படையான எச்சரிக்கைக் கடிதம் வெளியிட்டார்கள். ஒரு திறன் கூடும்போது வேறொன்று குறையக்கூடும், மாற்றங்கள் நீடிக்கக்கூடும், நிமிடங்களைக் கூட்டினால் விளைவு கூடும் என்பதில்லை, சில நேரம் தலைகீழாகவே மாறும் என்பது அதன் சாரம். மருந்தில்லாத நோய் வந்த வீட்டில் இந்த ஆசை எழுவது இயல்பு. அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கருவிகள் புதியவை அல்ல. பெங்களூர் நிம்ஹான்சில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் டிடிசிஎஸ் பயன்பட்டு வருகிறது. டிமென்ஷியா ஆய்விலும் நமக்குச் சொந்தமாக ஒரு முக்கியக் கண்டுபிடிப்பு உண்டு. சுவர்ணா அல்லாடி குழு ஹைதராபாதில் 648 நோயாளிகளைப் பார்த்து, இருமொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வருகிறது என்று 2013இல் எழுதியது. அதே குழுவின் 2017 கட்டுரையை அவ்வளவு பேர் படிக்கவில்லை. ஃப்ரன்டோடெம்போரல் நோயில் நடத்தை கெடும் வகையை இருமொழித்திறன் தள்ளிப்போடுகிறது. மொழி கெடும் வகையைத் தள்ளிப்போடவில்லை. அந்த ஆய்வின்படி, இருமொழி தெரிந்தவருக்கும் இந்த வகைப் பிபிஏ தன் நேரத்துக்கே வருகிறது.

கருவியைக் கொண்டுவந்துவிடலாம்; பயிற்சியை அப்படிக் கொண்டுவர முடியாது. பால்டிமோர் சோதனை ஆங்கில எழுத்துக்கூட்டலை மையமாகக் கொண்டது. ஒலிக்கும் எழுத்துக்கும் பொருத்தமில்லாத அந்த மொழியில், ஒரு சொல்லை எழுதுவதே அந்தச் சொல்லை மூளையில் தோண்டி எடுக்கும் கடும் வேலை. தமிழில் பெரும்பாலும் சொன்னபடி எழுதிவிடலாம். ல-ள-ழ, ர-ற, ன-ண-ந போன்ற இடங்களில்தான் நினைவு தேவைப்படும். எனவே அதே பயிற்சி இங்கே அதே பளுவைத் தராது. இலக்கணம் உதிரும் வகையிலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் வினைவிகுதியை விட்டுவிட்டாலும் மிஞ்சுவது ஒரு சாதாரணச் சொல். தமிழில் விகுதியை எடுத்துவிட்டால் ‘போ’, ‘வா’ என்று கட்டளைதான் மிஞ்சும். ஹீப்ரு போன்ற விகுதி மிகுந்த மொழிகளில், பக்கவாதப் பேச்சிழப்பு உள்ளவர்கள் விகுதியை விடுவதைவிட மாற்றிப் போடுவதே அதிகம் என்று பழைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழிலும் அதையே எதிர்பார்க்கலாம். அப்படியானால் சோதனைத் தாளும் மதிப்பெண் முறையும் வேறாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு. எழுதிப் பழகி, அதன் வழியே பேச்சுக்கு உதவுவது என்ற உத்தியில் ‘வந்திருக்கிறார்கள்’ என்று பழக்குவதா, ‘வந்திருக்காங்க’ என்று பழக்குவதா? பயிற்சியாளர் முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு இது.

தூரமும் ஒரு தடை. 15 நாள் தொடர்ந்து மருத்துவமனைக்கு வந்துபோக எல்லாராலும் முடியாது. நியூயார்க்கில் லீ சார்வெட் குழு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளிகளுக்காக ஒரு நடைமுறையை உருவாக்கியது. கருவி வீட்டில் இருக்கும். பயிற்சியாளர் காணொளியில் வந்து பட்டை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அன்றைய ஒரு அமர்வுக்கான குறியீட்டு எண்ணைச் சொல்வார். எண் இல்லாமல் மின்சாரம் ஓடாது. இப்படி வைத்தால் கருவியும் பயிற்சியும் பிரியாமல் இருக்கும். ஆசையில் ஒரு நாளைக்கு மூன்று முறை போட்டுப் பார்க்கவும் முடியாது.

அந்த அமர்வில் நோயாளி முன் வைக்கப்போகும் சொற்களை வீட்டாரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்: பேரப்பிள்ளைகளின் பெயர்கள், தெருப்பெயர், மாத்திரைகள், அவர் தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவை. தொலைந்த சொற்களை மட்டும் பட்டியலிட்டால் போதாது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆரோன் மேயர் குழு செய்த ஆய்வுகளில், இன்னும் கைவசம் இருக்கும் சொற்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்தபோது அவை பயிற்சி பெறாத சொற்களைவிட நீண்ட நாள் நிலைத்தன. நோய் தெரிந்த உடனே, பேச்சு ஓரளவு நன்றாக இருக்கும்போதே, இன்று தடுமாறாமல் வரும் சொற்களையும் பட்டியலில் சேர்த்துத் தொடங்கிவிட வேண்டும். மின்னோட்டத்தைப் பற்றிய பெரிய சோதனைகளின் முடிவுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை.